பழைய கர்னலை நீக்கவா?

நம்புங்கள் என்று யாரிடமும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். பேய் வர இருட்டு வேண்டும் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: இது ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்த அறையில் நடந்தது.

கருத்தரிப்பு மருத்துவமனை ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நிலத்தடித் தளத்தில் திரவ நைட்ரஜன் நிரப்பிய டேங்க் இருக்கிறது. தம்பதிகளின் கருக்களை அதில்தான் உறைய வைத்திருப்பார்கள். எங்களுடையதும் இருந்தது. ஒன்றே ஒன்று. மூன்று முறை தோற்று, மிஞ்சிய கடைசிக் கரு. இனி புதிதாக எடுக்க வழியில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்த டேங்கைத் தாண்டி நானும் என் மனைவியும் எதையும் யோசிப்பதில்லை.

நைட்ரஜன் குறைந்தால் மணி அடிக்க வேண்டிய கணினி பக்கத்து அறையில் இருந்தது. அதில் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம். டேங்கின் அளவுமானியோ அரதப் பழசு. பொதுவாகக் கிடைக்கிற கர்னலுக்கு அதை அடையாளம் தெரியாது. அதனால் கணினிக்கு அடிப்படையான அந்தக் கர்னலை நாங்களே தயார் செய்து ஏற்றுவோம். அன்று புதியதை ஏற்றும் வேலை. திங்கட்கிழமைக்குள் முடிக்கச் சொல்லி மேனேஜர் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

ஏற்றினேன். மறுத்தது. பழைய கர்னல் பேக்கேஜும் புதியதும் ஒரே கோப்புக்குச் சண்டை போட்டன. நான் தினமும் பார்க்கிற பங்காளிச் சண்டைதான். பழையதை நீக்கினால் தீர்ந்தது.

ஆனால் நீக்க முடியவில்லை. யாரோ அதை நீக்கக்கூடாது என்று பூட்டி வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு என்று பதிவு காட்டியது. பாஸ்வேர்டு என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை நான் விடுப்பில் இருந்தேன்.

பூட்டை எடுத்தேன். மறுபடி நீக்கப் போனேன்... பூட்டியிருந்தது.

எவனோ வெளியிலிருந்து விளையாடுகிறான் என்று எரிச்சலில் நெட்வொர்க் வயரைப் பிடுங்கிப் போட்டேன். பூட்டை எடுத்தேன். இந்த முறை கணினி வழக்கம்போலக் கேட்டது. நீக்கவா? ஆம் என்றால் y. வேண்டாம் என்றால் n.

நான் விரலைக் கொண்டுபோகும் முன்பே... டக்.

திரையில் n.

மறுபடி முயன்றேன். டக். n.

கீபோர்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

டக்... டக்... டக்...

n. n. n.

சத்தம் மடியிலிருந்து வரவில்லை. மேசைக்கு அடியிலிருந்து வந்தது.

அப்போது போன் அடித்தது. மனைவி.

"சாப்பிட வரலையா?"

"பத்து நிமிஷம்."



"என்னங்க... அங்க யாரு குழந்தையோட வந்திருக்காங்க?"

"நான் மட்டும்தான் இருக்கேன்."

"அழுதுட்டே இருக்கே. யாரையாச்சும் தூக்கச் சொல்லுங்க."

எனக்குக் கேட்டது கணினியின் ஃபேன் சத்தம் மட்டும்தான். போனை வைத்துவிட்டேன்.

என் பேண்ட்டின் கீழ் ஓரத்தை ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது. பலமாக இல்லை. ஆனால் சில்லென்று... எலும்பு வரைக்கும்.

நான் குனிந்து பார்க்கவில்லை. அவ்வளவு தைரியம் எனக்கில்லை.

புதியது ஒழுங்காக ஓடும்வரை பழைய கர்னலை யாரும் தொட மாட்டார்கள். எங்கள் தொழிலில் முதல் பாடமே அதுதான். ஆனால் எனக்கு அங்கிருந்து ஓடினால் போதும் என்றிருந்தது. கீபோர்டை மாட்டினேன். எதையும் கேட்காமல் நீக்கு என்று கட்டளை கொடுத்தேன்.

போய்விட்டது.

காலைப் பிடித்திருந்ததும் விட்டுவிட்டது.

புதிய கர்னல் மறுபேச்சில்லாமல் ஏறியது. கணினி அணைந்து எழுந்தது.

மணி அடிக்க ஆரம்பித்தது.

டேங்கின் அளவு... பூஜ்யம்.

ஓடிப்போய் மூடியைத் திறந்தேன். எப்போதும் பொங்கி வருகிற வெள்ளைப் புகை வரவில்லை. உள்ளே சுவர் காய்ந்திருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நானே என் கையால் கெடுத்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

டேங்க் கம்பெனி ஆள் மறுநாள் வந்தார். உள்ளே தனியாக இருந்து நேரத்தோடு பதிவு செய்யும் வெப்பமானியைக் கழற்றிப் பார்த்தார்.

"உங்க மேல தப்பில்ல சார். டேங்க்ல கசிவு. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே உள்ள எல்லாம் போயிடுச்சு. உங்க பழைய கர்னல்ல அளவுமானியப் படிக்கிற பகுதி அப்பவே திணறி நின்னுருக்கு. கடைசியா பார்த்த அளவையே ரெண்டு நாளா காட்டிட்டு இருந்திருக்கு."

"அப்போ ஞாயித்துக்கிழமை மதியம்...?"

"அதுக்குள்ள உயிருள்ளது எதுவுமே இல்ல சார்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அவர் சொன்னதை மட்டும் சொன்னேன். மேசைக்கடியில் நடந்ததைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நேத்து போன்ல அழுதுச்சே... அத யாராச்சும் தூக்கினாங்களா?"