பெட்டியைக் குறுக்கிய ஞாயிறு

கதை விடுகிறாள் என்பீர்கள். என் மகள்மேல் சத்தியமாக நடந்தது இது. அதுவும் பட்டப்பகலில்.

புரத மூலக்கூறுகளைக் கணினிக்குள் அசைய விட்டுப் பார்ப்பது என் வேலை. தண்ணீர் நிறைந்த ஒரு பெட்டி, அதற்குள் மூலக்கூறு. அணுக்களுக்கு இடையிலான மின்விசை வெகுதூரம் எட்டும். பாதியில் வெட்டினால் கணக்கு நாறிவிடும். அதனால் அதே பெட்டியின் நகல்களை எல்லாப் பக்கமும் அடுக்குவோம். இந்தப் பக்கம் வெளியே போனது அந்தப் பக்கம் உள்ளே வரும். பெட்டி மட்டும் சின்னதாக இருக்கக் கூடாது. இருந்தால் மூலக்கூறு பக்கத்துப் பெட்டியில் இருக்கும் தன்னையே உணர ஆரம்பித்துவிடும்.

தெரிந்தேதான் பெட்டியைக் குறுக்கினேன், கணக்கு சீக்கிரம் முடியட்டும் என்று. நாலு மணிக்கு மகளை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டி வர வேண்டும். ஏழு வயது, ஐந்து நிமிடம் தாமதித்தாலும் அழுதுவிடுவாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு, வேறென்ன.

3:12. சர்வர் அறையில் தனியாக உட்கார்ந்து ஓட விட்டேன். ம்ம்ம்ம்... என்று இயந்திரங்கள் இரைந்தன.

3:40. பையை மாட்டிக்கொண்டு முன்கதவைத் திறந்தேன். வெளியே நடைபாதை இருக்க வேண்டும். இல்லை. அதே அறை. நான் பின்கதவு வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தேன். மேஜையில் நான் பாதி குடித்து வைத்த தண்ணீர் பாட்டில்.

சரி, தூக்கக் கலக்கம். மறுபடி முன்கதவு. மறுபடி அதே பாட்டில்.

3:46. மூன்றாவது தடவை உள்ளே நுழைந்தபோது, எதிரே ஒருத்தி முன்கதவைத் திறந்து போய்க்கொண்டிருந்தாள். என் பச்சைப் பை. என் பின்னல்.

நான் நின்றேன். அவள் நிற்கவில்லை.

டொக். கதவு சாத்திக்கொண்டது.

ஓடிப்போய் இழுத்தேன். அசையவில்லை. பின்கதவும்தான். காவலாளிக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, உள்ள மாட்டிக்கிட்டேன்! கதவைத் திறங்க!”

“மேடம்... நீங்க இப்பத்தானே என்னைத் தாண்டிப் போனீங்க?”

இணைப்பு அறுந்தது. அதன்பின் யாருக்கும் போன் போகவில்லை.

4:00. குழந்தை வாசலில் நிற்பாள். அழுதுகொண்டே கதவை உதைத்தேன்.

4:20. அப்போதுதான் உறைத்தது. கணக்கு இன்னும் ஓடுகிறது.

நிறுத்தினேன்.

இரைச்சல் அடங்கியது. கதவு திறந்தது... வெளியே நடைபாதை.

நீச்சல் குளத்துக்கு ஓடினேன். பயிற்சியாளர் சிரித்தார். “பாப்பாவ நாலு மணிக்கே நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க?”

வீட்டில் மகள் தலை துவட்டி, சட்டை மாற்றி உட்கார்ந்திருந்தாள்.

“கடைக்குப் போறேன்னு சொன்ன? அதுக்குள்ள வந்துட்டியேம்மா?”

மறுநாள் சர்வர் அறைக் கதவின் பதிவைப் பார்த்தேன். என் அட்டையில் உள்ளே போனது ஒரு தடவை, 3:05. வெளியே வந்தது இரண்டு தடவை. 3:46. 4:21.

நகல்களில் எது அசல் என்று எங்கள் தொழிலில் யாரும் கேட்பதில்லை. எல்லாம் ஒன்றுதான்.

கடைக்குப் போனவள் இன்னும் திரும்பி வரவில்லை.