ஐம்பதில் ஒன்பது

துரீட் வானிலை அலுவலகத்தில் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. வடகோடிக் கடற்கரையில் இருந்த ஹவ்னெஸ் துறைமுகத்துக்கு மேலே, குன்றில் இருந்த மஞ்சள் கட்டடத்தில் உட்கார்ந்து, அடுத்த ஐந்து நாட்களுக்குக் கடல் எப்படி இருக்கும் என்று எழுதுவது அவள் வேலை. இன்றைய காற்றை ஊரில் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள், கதவைத் திறந்தால் போதும். நாலாம் நாளும் ஐந்தாம் நாளும்தான் அவள் பிழைப்பு. வடக்குத் திட்டு என்ற ஆழம் குறைந்த கடல் பகுதிக்கு மீன் பிடிக்கப் போகிறவன் ஏழு மணி நேரம் படகோட்டிப் போய், நூற்றுக்கணக்கான கொக்கிகள் கோத்த நீளத் தூண்டில் போட்டு, மூன்று நாள் அங்கேயே கிடந்து திரும்ப வேண்டும். திங்கட்கிழமை அவள் எழுதுவதைப் பார்த்துத்தான் அவன் டீசலும் இரையும் ஏற்றுவான்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கை சுன்னிவாவின் வீடு நாலு வீடு தள்ளி. ஞாயிறு மதியச் சாப்பாடு அங்கேதான்: வேகவைத்த காட் மீன், அதன் ஈரல், உருளைக்கிழங்கு. தங்கை புருஷன் எய்லெர்ட் சொந்தப் படகில் தனியாகப் போய்வரும் மீனவன். நல்லவன்தான். ஆனால் நாலு பேர் முன்னால் யாரையாவது கேலி செய்யாமல் அவனுக்குக் காபி இறங்காது.

ஒரு ஜனவரியில் துரீட் சனிக்கிழமைக்குப் புயல் எழுதினாள். படகுகளெல்லாம் கட்டிக் கிடந்தன. சனிக்கிழமை கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் அசையாமல் இருந்தது. திங்களன்று மீன் இறக்கும் கூடத்துக் காபி அறைக்குள் அவள் நுழைந்ததும் எய்லெர்ட் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"வாங்க மதினி, உக்காருங்க. உங்க புயல் வழி தெரியாம ரஷ்யாவுக்குப் போயிருச்சாமே? அங்கேயிருந்து போன் வந்துச்சு."

அறையே குலுங்கிச் சிரித்தது. துரீட்டும் சிரித்து வைத்தாள்.

"மூணுல ரெண்டு பங்கு வாய்ப்புன்னுதானே எழுதியிருந்தேன், எய்லெர்ட்."

"எனக்கு இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை மதினி. அதுல எந்த ரெண்டு பங்குக்கு நான் வீட்ல உக்காந்திருக்கணும்?"

அன்றிலிருந்து அவளுக்குச் 'சனிக்கிழமை' என்று பேர் விழுந்தது. கடைக்குப் போனால், "சனிக்கிழமை வந்தாச்சு, குடையை எடுங்கப்பா" என்பார்கள். ஐம்பத்து மூன்று வயதில், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

மார்ச்சில் காட் மீன் கூட்டம் கூட்டமாக வந்தது. ஒரு திங்கட்கிழமை கணினி வழக்கம்போல ஒரே கணக்கை, ஆரம்ப எண்களை மட்டும் இம்மி இம்மியாக மாற்றி, ஐம்பது தடவை போட்டுக் காட்டியது. நாற்பத்தொன்றில் வெள்ளி வரை அமைதி. மீதி ஒன்பதில் வியாழனன்று வடக்கே பனிப்பாளத்தின் விளிம்பிலிருந்து கடுங்குளிர்க் காற்று திறந்த கடல்மேல் கொட்டியது. அப்படிக் கொட்டினால் அங்கே சின்னதாக, மூர்க்கமாக ஒரு சூறை முளைக்கலாம்.

'வியாழன் முதல் வடக்குத் திட்டில் திடீர்ச் சூறைக்குச் சிறு வாய்ப்பு உண்டு' என்று எழுதினாள். படித்துப் பார்த்தாள். காபி அறையில் அதை எய்லெர்ட் உரக்க வாசிக்கப்போகும் குரல் காதில் கேட்டது. வரியை அழித்தாள். 'வெள்ளி வரை மிதமான காற்று' என்று அனுப்பிவிட்டாள். அழி என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

எய்லெர்ட் செவ்வாய் காலை கிளம்பிப் போனான். வியாழன் விடிவதற்குள், ஐம்பதில் ஒன்பதாக இருந்தது முப்பதுக்கும் மேலாகிவிட்டது. துரீட் எச்சரிக்கை அனுப்பினாள். கிட்டத்தில் இருந்த படகுகள் துறைக்குள் ஓடி வந்து சேர்ந்தன. எய்லெர்ட் மட்டும் தூரத்தில் இருந்தான். பாதித் தூண்டிலை வெட்டிவிட்டுத் திரும்புவதாக வானொலியில் சொன்னான். சூறை அவனை நடுவழியில் பிடித்தது. அடித்த தண்ணீரெல்லாம் கம்பத்திலும் மேல்தளத்திலும் உறைந்து கனத்து, படகைக் குப்புறக் கவிழ்த்தது. ஹெலிகாப்டருக்கு இரண்டு மிதவைகள்தான் கிடைத்தன. உடல் கிடைக்கவே இல்லை.

மே மாதம் விசாரணைக்குத் தெற்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். துரீட் தானாகவே எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஐம்பதுக்கு ஒன்பதுன்னா பதினெட்டு சதவீதம்," என்றார் தலைவர். "இருபதுக்குக் கீழே எழுத வேண்டியதில்லைன்னு உங்க விதியே சொல்லுதேம்மா."

"நான் எழுதினேன். எழுதிட்டு அழிச்சேன்."

"அழிச்சது விதிப்படி சரிதான்."

"விதியை நினைச்சு அழிக்கல சார். கேலி பண்ணுவாங்கன்னு அழிச்சேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "அதை எழுத இந்தப் படிவத்துல இடமில்லைம்மா."

அங்கிருந்து நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த சுன்னிவா, நிமிர்ந்து பார்க்காமல் கடைசிவரை கேட்டாள்.

"நீ எழுதியிருந்தாலும் அவரு போயிருப்பாருக்கா. உன் பேச்சை அவரு என்னைக்கு மதிச்சாரு?"

"ஒருவேளை போயிருக்க மாட்டாரோன்னு..."

"இதையும் எனக்குக் குடுத்துட்டுப் போகாதே. நீ பண்ணினதை நீயே வச்சுக்கோ."

சண்டை எதுவும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அதோடு நின்றது. அடுத்த வசந்தத்தில் சுன்னிவா வீட்டை விற்றுவிட்டுத் தெற்கே மகளிடம் போய்விட்டாள்.

அதற்கு முன்பே, அந்த அக்டோபரில், அலுவலகத்துக்கு ஒரு சான்றிதழ் வந்திருந்தது. பத்து வருடங்களில் ஐந்து நாள் கணிப்பு மிகத் துல்லியமாக இருந்தது எய்லெர்ட் இறந்த அந்தக் குளிர்காலத்தில்தானாம். ஒரு நாளில், கடலின் ஒரு மூலையில் சுழன்றடித்த சூறை ஆறு மாதக் கணக்கில் ஒரு புள்ளியைக்கூட நகர்த்தவில்லை. பாதாம் மாவு பூசிய மார்சிபான் கேக் வரவழைத்தார்கள். மூத்தவள் என்று கத்தியை அவள் கையில் கொடுத்தார்கள். துரீட் வெட்டினாள், எல்லோருக்கும் கொடுத்தாள், தானும் தின்றாள்.

அதற்குப் பிறகு நாலு வருடம் வேலை பார்த்தாள். விதியைப் பார்க்காமல், எத்தனை சின்ன வாய்ப்பானாலும் எழுதினாள். இரண்டு தடவை மேலிடத்திலிருந்து கண்டித்துக் கடிதம் வந்தது. அதையும் பொருட்படுத்தவில்லை. அவளுடைய அறிக்கை நீண்டுகொண்டே போனது, படிப்பவர்கள் குறைந்துகொண்டே போனார்கள். மீனவர்கள் கைப்பேசியில் வேறொரு செயலிக்கு மாறிவிட்டார்கள். அதில் ஐந்தாம் நாளுக்கு ஒரு சூரியன் படமோ ஒரு மேகப் படமோ மட்டும் இருக்கும்.