வெள்ளியில் ஒரு வயிறு

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் காத்திருந்தபோது என் மகள் எனக்கு ஒரு நிபந்தனை விதித்தாள். "எப்பா, உள்ள போனா நீங்க வாயே தொறக்கக் கூடாது. நானே சொல்லிக்கிடுதேன்." அப்போது அவளுக்கு ஒன்பது வயது. என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, எதிர்ச் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை மும்முரமாகப் படிக்கத் தொடங்கினாள்.

மகள் அப்படிச் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை மறைத்துவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரையில் நான் நல்லவனாகத் தெரிவேன். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மகளை இங்கே செல்வி என்று குறிப்பிடுகிறேன். அது அவளுடைய பெயர் அல்ல, இந்தக் கட்டுரைக்காக அவளே தேர்ந்தெடுத்தது. நாங்கள் வண்ணார்பேட்டையில் குடியிருக்கிறோம். நான் தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு குடிநீர் நீரேற்று நிலையத்தில் மோட்டார் இயக்குபவன். மனைவி டவுணில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். செல்வி பிறந்ததிலிருந்து ஒரு வாரம் முழுதாகப் பாய் நனையாமல் இருந்ததில்லை.

ஐந்து வயதுவரை நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆறில் நின்றுவிடும் என்றார்கள், ஏழில் நின்றுவிடும் என்றார்கள். எட்டு முடிந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீர்தான். தொட்டி வழிந்தால் வால்வை அடைக்க வேண்டும், அவ்வளவுதானே? மாலை நான்கு மணிக்கு மேல் அவளுக்குத் தண்ணீர் கிடையாது என்று சட்டம் போட்டேன். அவள் முகம் கழுவுகிற சாக்கில் குழாயடியில் கை நிறையப் பிடித்துக் குடித்தாள். பாயும் நனைந்துகொண்டுதான் இருந்தது. ஊருக்கே தண்ணீர் ஏற்றி அனுப்புகிறவன் வீட்டில் ஒரு பிள்ளை திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்திருக்கிறது. இதை எழுதும்போதும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்து நான் செய்தது அதைவிட மோசம்.

என் அக்கா வீடு திருச்செந்தூரில். பள்ளி விடுமுறை என்றால் செல்விக்கு அத்தை வீடுதான். அத்தை மகள் மாலாவுக்கும் அவளுக்கும் ஒரே வயது. இருவரும் கடலில் இறங்கினால் கரைக்கு இழுத்துவருவதற்குள் நமக்கு மூச்சு வாங்கிவிடும். அங்கே தங்கும் நாட்களில் செல்வி அம்மாவை ஒட்டியே படுப்பாள், எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லாவற்றையும் அலசிவிடுவாள். மாலாவுக்கு விஷயம் தெரியாது. தெரியக் கூடாது என்பதில் செல்வி அவ்வளவு உறுதியாக இருந்தாள்.

உடம்பில் எந்த உறுப்புக்கு நோவோ, அந்த உறுப்பை வெள்ளித் தகட்டில் வாங்கிக் கோயில் உண்டியலில் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதை உரு என்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில், இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு உரு விற்கும் கடை முன்னால் நின்றேன். நல்ல கூட்டம்.

"என்ன உரு வேணும் அண்ணாச்சி? கண்ணா, காலா?" என்றார் கடைக்காரர்.

நான் விழித்தேன். எந்த உறுப்பு என்று யோசித்தே வந்திருக்கவில்லை. என் வாய்க்கு யோசனை தேவைப்படவும் இல்லை. "நம்ம பிள்ளைக்குத்தான். ஒம்பது வயசாகுது, இன்னும் பாயிலயே ஒண்ணுக்கு இருக்குது. அதுக்கு என்ன உரு போடுவாங்க?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

கடைக்காரர் சற்றுத் தயங்கி, "வயித்தப் போடுங்க" என்று ஒரு தகட்டை எடுத்துக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற பெண்கள் "அய்யோ பாவம்" என்று செல்வியைத் திரும்பிப் பார்த்தார்கள். மாலாவும் பார்த்தாள். செல்வி அந்த வெள்ளி வயிற்றை என் கையிலிருந்து பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். உண்டியல்வரை அவள் வரவேயில்லை.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் முன் இருக்கைக்குப் போய்விட்டாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "இனிமே அத்தை வீட்டுக்கு வர மாட்டேன்" என்றாள். சொன்னபடியே செய்தாள். அடுத்த விடுமுறைக்குப் போகவில்லை. மாலா போன் செய்தால் எடுக்கவில்லை. பள்ளியில் நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளை, என்னிடம் எதையும் சொல்வதை நிறுத்திக்கொண்டாள். பாய் நனைவது எனக்குப் பழகிப்போன ஒன்று. இந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"சாமிட்ட சொன்னது போதும். டாக்டர்ட்ட போவோம்" என்று முடிவெடுத்தவள் மனைவிதான். அப்படித்தான் அந்தத் தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தோம்.

குழந்தைகள் நல மருத்துவரும் எங்கள் ஊர்க்காரர்தான். நாற்காலியைச் செல்விக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கேள்விகளையெல்லாம் அவளிடமே கேட்டார். ஒன்றுக்குப் போகும்போது எரிகிறதா? ரொம்பத் தாகம் எடுக்கிறதா? குறட்டை உண்டா? செல்வி தெளிவாகப் பதில் சொன்னாள்.

"வெளிக்கு எப்பப்பம்மா போவே?"

"நாலு நாளைக்கு ஒருக்க."

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கு இது தெரியாது.

"ஸ்கூல்ல ஒண்ணுக்காவது போவியா?"

"போவ மாட்டேன். கதவுல தாழ்ப்பாள் கெடையாது. அதான் தண்ணியும் குடிக்க மாட்டேன்."

காலையிலிருந்து அவள் குடிப்பதில்லை, நான்கு மணிக்குப் பிறகு நான் விடுவதில்லை. அந்த அறையில் எனக்குத் தலை நிமிரவில்லை.

சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமித்தொற்றும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஸ்கேன் எடுத்த பிறகு மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்தார். செல்விக்கு நாள்பட்ட மலச்சிக்கல் இருந்தது. மலக்குடல் (பெருங்குடலின் கடைசிப் பகுதி) நிறைந்து வீங்கி, முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை நெருக்கிக்கொண்டிருந்தது. நெருக்கப்பட்ட பைக்கு இரவு முழுவதும் தாக்குப்பிடிக்க இடமில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் காரணம் இதுவாக இருக்காது என்றும், ஆனால் கேட்காமல் விட்டுவிடக் கூடாத காரணம் இது என்றும் அவர் சொன்னார்.

"அப்போ கோளாறு வயித்துலதான்…" என்று ஆரம்பித்தேன். செல்வி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

"இது சோம்பேறித்தனமும் இல்ல, வேணும்னு செய்யுததும் இல்ல" என்றார் மருத்துவர். "தூக்கத்துல அவளுக்குத் தெரியாது. வெக்கப்படுத்தினா பிள்ளை இன்னும் அடக்கும்." பிறகு தண்ணீர் பற்றிப் பேச்சு வந்தது. நான்கு மணிச் சட்டத்தை மனைவி போட்டுக்கொடுத்தாள். என் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட மருத்துவர் சிரித்துவிட்டார். "ஊருக்கு எப்பம் தண்ணி விடுவீங்க? காலையிலதான? இவளுக்கும் காலையிலருந்தே விடுங்க சார்."

சிகிச்சை எளிது, ஆனால் நீளமானது. மலமிளக்கிப் பொடி (மலத்தை இளக்கும் மருந்து) தினமும் தண்ணீரில் கலந்து. சாப்பிட்டதும் பத்து நிமிடம், பாதம் தொங்காமல் ஒரு முக்காலியில் வைத்துக் கழிப்பறையில் உட்கார வேண்டும். பகலில் தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடிக்க வேண்டும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றுக்குப் போக வேண்டும், படுக்கும் முன் ஒருமுறை.

பகலில் தண்ணீர் குடிக்கவும் ஒன்றுக்குப் போகவும் பள்ளியில் வழி வேண்டும். தாழ்ப்பாள், திருகாணி, துளையிடும் கருவி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை போய்த் தலைமையாசிரியையிடம் அனுமதி கேட்டேன். "எந்தப் பிள்ளை சொல்லுச்சு?" என்றார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "பொதுவாப் பிள்ளைங்க சொல்லுதாங்க டீச்சர்" என்றேன். நான்கு கதவுகளுக்கும் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தேன். இதை வீட்டிலும் சொல்லவில்லை. திங்கள்கிழமை மாலை செல்வியே வந்து, "எப்பா, எவனோ தாழ்ப்பாள் போட்டுருக்கான்" என்றாள். அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். பல மாதங்களுக்குப் பிறகு அவளாக வந்து என்னிடம் சொன்ன முதல் பள்ளிச் செய்தி அது. உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நேர்கோட்டில் எதுவும் நடக்கவில்லை. மூன்றாம் வாரமே தேறிவிட்டாள் என்று பொடியை நாங்களாக நிறுத்தினோம். பத்து நாளில் பழைய கதை. மருத்துவர் எங்களைத் திட்டவில்லை, மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். குடல் சீரான பிறகும் சில நாட்கள் பாய் நனைந்ததால், ஈர அலாரம் (உள்ளாடையில் ஈரம் பட்டதும் ஒலிக்கும் சிறு கருவி) பயன்படுத்தினோம். முதல் வாரம் அது ஒலித்தால் நாங்கள் எழுந்தோம், மாடி வீட்டுக்காரர் எழுந்தார், செல்வி எழவில்லை. நாங்கள்தான் அவளை எழுப்பி நடத்திக் கூட்டிப்போனோம். போகப் போக அவள் தானே எழுந்தாள். பிறகு ஒலிக்கும் தேவையே குறைந்தது.

இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். பெரும்பாலும் இது சரியாகிற விஷயம். ஆனால் மாதக்கணக்கில் நனையாமல் இருந்த பிள்ளைக்குத் திடீரென்று மறுபடி தொடங்கினாலோ, எரிச்சல், கடும் தாகம், எடை குறைவு இருந்தாலோ ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். கோயிலுக்குப் போவதும் தப்பில்லை. கடைவீதியில் வாயைத் திறக்காமல் போய்வாருங்கள்.

அந்த ஆண்டுத் தேர்வு முடிந்ததும் செல்வி, "எப்பா, அத்தை வீட்டுக்குப் போவமா?" என்றாள். அங்கே மாலாவின் பக்கத்தில், பொதுப் பாயில் படுத்தாள். தன் கதையை அவளே மாலாவிடம் சொன்னாளாம். என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. மூன்று நாள் காலையும் பாய் காய்ந்திருந்தது.

நான்காம் நாள் கோயிலுக்குக் கிளம்பினோம். அதே கடை முன்னால் செல்வி நின்றாள். பைக்குள்ளிருந்து அந்த வெள்ளி வயிற்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, நாக்கு இருக்கா?"

கடைக்காரர் பெட்டியைத் துழாவி ஒரு தகட்டை எடுத்தார். "இருக்கு. ஆருக்கும்மா?"

"எங்க அப்பாவுக்கு."

"அப்பாவுக்கு என்ன செய்யுது?"

எனக்குக் காது சுட்டது. கடையில் அன்றைக்கும் நல்ல கூட்டம், எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். செல்வியும் என்னை நிமிர்ந்து பார்த்தாள், கொஞ்ச நேரம்.

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது அண்ணாச்சி" என்றாள்.

இரண்டையும் நாங்கள் சேர்ந்தே உண்டியலில் போட்டோம். முன்பெல்லாம் விடிந்ததும் என் கை முதலில் அவள் பாயைத்தான் தொட்டுப் பார்க்கும், என் நாள் அங்கிருந்துதான் தொடங்கும். இப்போது கை போவதில்லை. அவள் எழுந்து வந்து தானாக ஏதாவது சொல்லட்டும் என்று காப்பியை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.