குலுங்காமல் கிளம்பும் கார்

டீயை விளிம்பு வரைக்கும் நிரப்பச் சொல்லித்தான் எழில்மொழி வாங்குவாள். பக்கத்துக் கடை திருமுருகனுக்கு இது பழகிவிட்டது. இன்னும் ஒரு சொட்டு விட்டால் வழிந்துவிடும் என்கிற அளவுக்கு ஊற்றி, மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கி வந்து வைப்பார். அது உடனே குடிக்கிற டீ இல்லை. தரையில் ஒரு முழ நீளத்துக்கு நிற்கும் ரிமோட் காரின் கூரைமேல் அந்தக் கண்ணாடி டம்ளரை ஏற்றிவிட்டு, அவள் ரிமோட்டின் விசையில் விரலை வைப்பாள். கார் நகர்ந்ததா இல்லையா என்று கொஞ்ச நேரம் சந்தேகமாகவே இருக்கும். சக்கரத்தின் கீழே சாக்பீஸ் கோடு மறைவதைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு சொட்டு சிந்தினால் கார் திரும்ப மேசைக்குப் போகும். சிந்தாவிட்டால் டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "எட்த்துகினு போ" என்பாள்.

பொம்மைக் கார் என்று யாராவது சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இவை பாறை ஏறுகிற கார்கள். சக்கரம் பெரிது, வேகம் கிடையாது. ஒரு பாறையில் ஏறி இறங்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டால் அதுதான் பெருமை. வேகமாக ஓடுகிற கார்களைக் கொண்டுவந்து காட்டுகிறவர்களிடம், "ஓட்றது இன்னா பெரிய விசயம், கெளம்பிக் காட்டு" என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

வயது முப்பத்துநான்கு. பிழைப்பு பேட்டரி ஸ்கூட்டர் பழுது பார்ப்பது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை ஒட்டி, ஒரு ஸ்கூட்டரை உள்ளே விட்டால் இன்னொன்று வாசலில் நிற்க வேண்டிய அளவில் ஒரு கடை. சரக்கு ரயிலுக்காக கேட் மூடும்போதெல்லாம் வண்டியில் காத்திருப்பவர்கள் இவள் வேலையை வேடிக்கை பார்ப்பார்கள். வீடு வியாசர்பாடி ஹவுசிங் போர்டில், மூன்றாவது மாடி. பெயரை முழுசாக உச்சரிக்கிறவர்கள் ரேஷன் கடையில் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் எயிலு.

பஸ்ஸில் போனாலும் அவளுக்கு இதே புத்திதான். உட்கார இடம் கிடைத்தாலும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் டிரைவர் வண்டியை எப்படிக் கிளப்புகிறார் என்று கவனிப்பாள். நின்றிருந்தவர்கள் பின்னால் சாயாமல் பஸ் கிளம்பிவிட்டால், இறங்கும்போது டிரைவர் பக்கம் போய், "ஸோக்கா எட்த்த நைனா" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள். அந்த டிரைவர்களுக்கு ஒன்றும் புரியாது.

காலால் உந்தினால்தான் ஸ்கூட்டர் கிளம்புகிறது என்று ஒரு பெண்மணி வந்தபோது, எழில்மொழி அவரிடம் சொன்ன விளக்கத்தைக் கேட்க வேண்டும்.

"ஓடிகினு கீற மோட்டார்க்கு நாம ஒண்ணும் சொல்ல வாணாம்கா. அதுக்கே தெரியும். நின்னுகினு கீதே, அதுக்குத்தான் சொல்லணும், நீ எங்க நின்னுகினு கீறன்னு."

விஷயம் இவ்வளவுதான். இந்த வகை மோட்டாரில் உரசுகிற கார்பன் துண்டு கிடையாது. நடுவில் காந்தம், சுற்றிலும் செம்புக் கம்பிச் சுருள்கள். எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் விடுவது என்று ஒரு கன்ட்ரோலர் முடிவு செய்கிறது. காந்தம் சுழல ஆரம்பித்துவிட்டால் அது எங்கே வருகிறது என்று கன்ட்ரோலருக்குத் தெரிந்துவிடும். நின்றுகொண்டிருக்கும்போது தெரியாது. குருட்டாம்போக்கில் ஒரு தட்டு தட்டிப் பார்க்கும். மோட்டார் முன்னும் பின்னும் திணறிவிட்டு வெடுக்கென்று பாயும். அப்படி ஆகாமல் இருக்க, காந்தம் நிற்கும் இடத்தைச் சொல்வதற்கென்றே உள்ளே மூன்று சின்னச் சென்சார்கள் வைத்திருக்கிறார்கள். ஸ்கூட்டரிலும் அப்படித்தான், நல்ல ரிமோட் கார்களிலும் அப்படித்தான். எழில்மொழியின் கெட்டிக்காரத்தனம் முழுக்க அந்தச் சென்சார்களையும் அவற்றின் மெல்லிய ஒயர்களையும் சுற்றியே இருக்கிறது. அண்ணா நகரிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் அவளைத் தேடிக்கொண்டு கார்கள் வருகின்றன.

அவளும் ஒருமுறை சறுக்கினாள். அதை அவளே சொல்வாள், மறைக்க மாட்டாள்.

ராயபுரம் ஜேக்கப் இருபத்தாறு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். தொங்குகிற கன்டெய்னர் ஆடாமல் இறக்குவதில் பெயர் எடுத்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலது கை நடுங்க ஆரம்பித்தது. கிரேனிலிருந்து இறங்கிக் கீழே வேறு வேலைக்கு மாறினார். மனம் கேட்காமல் ஒரு பாறைக் கார் வாங்கினார். திருவொற்றியூர் கடற்கரையில், அலை அரிக்காமல் இருக்கக் கொட்டிய கருங்கற்களின்மேல் ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் ஏற்றுகிற கூட்டத்தில் சேர்ந்தார். முதல் சில மாதம் நன்றாகவே போனது. பிறகு கார் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் துள்ளிக் கவிழ்ந்தது. காரை எடுத்துக்கொண்டு எழில்மொழியிடம் வந்தார்.

"கெளம்பசொல்ல குதிக்குதும்மா. என் கை ஒயுங்கா இல்ல, அத்தான் காரணம். இதுவும் வர்லன்னா சொல்லிடு. ரிமோட்ட யார்கிட்டயாச்சும் குட்த்துட்டு, நான் கம்முனு வூட்ல குந்திக்கிறேன்."

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். எத்தனையோ கார்களுக்கு டீ சொன்னவள், ஜேக்கப்பின் காருக்கு மட்டும் டீ சொல்லவில்லை. கையைப் பார்த்த பிறகு மோட்டாரைப் பார்க்கத் தோன்றவில்லை. ரிமோட்டில் மாற்றங்கள் செய்தாள். விசையைக் கொஞ்சம் அழுத்தினால் கார் கண்டுகொள்ளாது. நன்றாக அழுத்தினால் யோசித்து யோசித்து வேகம் எடுக்கும். நடுக்கம் எதுவும் சக்கரம் வரை போகாதபடி எல்லாவற்றையும் மழுக்கிக் கொடுத்தாள். நல்ல காரியம் செய்ததாக அன்று அவளுக்குத் திருப்திதான்.

அடுத்த வாரமே ஜேக்கப் திரும்பி வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"கிரேன்ல லீவர நான் ஒரு நூல் அசைச்சா, அது ஒரு நூல் வரும். இது இன்னாடான்னா நான் கேட்டப்பால, யோசிச்சிகினு வர்து. வந்தாலும் குதிச்சிகினுதான் வர்து. எனக்கும் காருக்கும் நடுவுல தலகாணி வெச்சிட்டியா எயிலு?"

அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. திருமுருகனைக் கூப்பிட்டு டீ சொன்னாள். மழுக்கியதையெல்லாம் எடுத்துவிட்டு, டம்ளரைக் கார்மேல் ஏற்றி, ரிமோட்டைத் தன் கையில் பிடித்தாள். அவள் கை நடுங்குகிற கை இல்லை. கார் கிளம்பியது. பாதி டீ தரையில் கொட்டியது.

மோட்டாரைக் கழற்றினாள். சென்சார் ஒயரின் மேலுறை புதுசாகத்தான் இருந்தது. விரலால் உருட்டிக்கொண்டே போனபோது ஒரு இடத்தில் மட்டும் துவண்டது. உரித்துப் பார்த்தால், உள்ளே கம்பி கடல் உப்பில் பச்சை பிடித்து அற்றுப் போயிருந்தது. சென்சாரிடமிருந்து தகவல் வராவிட்டால் கன்ட்ரோலர் நின்றுவிடாது; யாருக்கும் சொல்லாமல் குருட்டு ஓட்டத்துக்கு மாறிக்கொள்ளும். அதனால்தான் ஜேக்கப்புக்குத் தெரியவே இல்லை.

"உங்க கை இல்லண்ணா. ஒயரு. நான் மொதல்லயே பார்த்திருக்கணும். பார்க்கல, தப்புதான்."

ஜேக்கப் அந்த அறுந்த ஒயரை வாங்கி, துவண்ட இடத்தை விரலால் உருட்டிப் பார்த்தார். "ரெண்டு மாசமா நான் கையத் திட்டிகினு கீறேன்" என்றார்.

புது ஒயர் போட்டாள். ரிமோட்டில் எந்தச் சலுகையும் வைக்கவில்லை. கை நடுக்கம் எங்கும் போய்விடவில்லை. அப்படிப் பொய் சொல்கிற ஆள் அவளும் இல்லை. முன்பு விரல் ஒவ்வொரு முறை நடுங்கியபோதும் மோட்டார் நின்று, திணறி, பாய்ந்தது. இப்போது விரல் நடுங்கினால் கார் ஒரு நூல் வேகமாகவும் ஒரு நூல் மெதுவாகவும் போகிறது, அவ்வளவுதான். ஆனால் கடைத் தரை வேறு, கருங்கல் வேறு. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ரிமோட் பிடிப்பவர் தள்ளி நிற்பார். அவருடைய ஆள் ஒருவர் காருக்குப் பக்கத்திலேயே கல்லில் நிற்பார். கார் கவிழப் போனால் அவர் பிடித்துக்கொள்ளலாம். பிடித்துவிட்டால் அந்த ஏற்றம் ஏறியதாக ஆகாது. ஜேக்கப் தன் ஆளாக எழில்மொழியைக் கூப்பிட்டிருந்தார். கீழே வெயிலில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

முதல் கல், இரண்டாவது கல், தாண்டியாயிற்று. மூன்றாவது கல் சரிவு. பாதியில் பின்சக்கரம் ஈரத்தில் வழுக்க, ஜேக்கப் விசையை விட்டுவிட்டார். கார் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு சரிவிலேயே நின்றது. இனி நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். துள்ளினால் மல்லாந்து, பத்தடி கீழே கல்லிடுக்கில் தண்ணீரில் விழும்.

"எயிலு, கை வெச்சிரு. கவுந்துரும்" என்றார் பென்னி, அந்தக் கூட்டத்தின் பழைய ஆள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

எழில்மொழி திரும்பி ஜேக்கப்பைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிக்கொண்டு காரையே பார்த்துக்கொண்டிருந்தார். விசைமேல் இருந்த விரல் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

அவளுடைய கை தன்னையறியாமல் காரை நோக்கி ஒரு சாண் போய்விட்டது. அதை அவளே பார்த்தாள். பார்த்த உடனே இழுத்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பின்சக்கரத்தின் அடியில் ஒட்டியிருந்த மணல் துகள்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. சக்கரம் சுற்றுகிறது என்பது அதை வைத்துத்தான் தெரிந்தது. கார் துள்ளவில்லை. ஊர்ந்து சரிவைக் கடந்து, கல்லின் உச்சியில் நான்கு சக்கரமும் பதிய நின்றது. பென்னி கை தட்டினார். ஜேக்கப் கல்மேல் அப்படியே உட்கார்ந்து, ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

எழில்மொழி மட்டும் இன்னும் கைகளைப் பிரிக்கவில்லை.