சீனிப் போத்தல்

இரைப்பை உணவைப் பொறுமையாக, சிறிது சிறிதாகக் குடலுக்குள் விடுகிறது. உணவு வந்ததும் குடற்சுவர் சில ஹார்மோன்களைச் சுரந்து, இன்சுலினை விடும்படி கணையத்துக்குச் சொல்கிறது. இதை லண்டனில் ஒரு கல்லூரியில் பல வருடங்கள் படிப்பித்தவன் நான். தம்பியின் விஷயத்தில் எனக்குத் தெரியாது என்று சொல்ல இடமில்லை.

பாரிஸில் இருந்தபோது தம்பிக்கு இரைப்பையில் புற்றுநோய் வந்தது. முழுவதையும் எடுத்துவிட்டார்கள். கவனிக்க ஆளில்லாமல் லண்டன் நோர்பரியில் என் வீட்டுக்கு வந்தான். மனைவி அவனுக்கு நாள் முழுவதும் சின்னச் சின்னக் கோப்பைகளில் சாப்பாடு கொடுப்பாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. இல்லாத வயிற்றைக் காட்டி என் வீட்டை எடுத்துக்கொண்டான் என்று பொறாமைப்பட்டேன்.

என் மகள் பக்கத்துத் தெருவில் வீடு வாங்கினாள். குடிபூரலன்று பால் பொங்கி, ஐயர் போன பிறகு பந்தி. கடைசியில் பாயசம். அதை மறுத்தால் வீட்டுக்கு ஆகாது என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். தம்பி கிண்ணத்தைக் கையால் மூடினான்.

"எனக்கு ஏலாது அண்ணை. இனிப்புச் சாப்பிட்டா பிறகு நடுங்கும்."

"உனக்கு வயிறுதானே இல்லை, வாய் இருக்குத்தானே. பிள்ளையின்ரை புது வீட்டிலை முகத்தைச் சுளியாதை."

பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் கையை எடுத்தான். விளிம்புவரை ஊற்றினேன். குடித்து முடிக்கும்வரை அகப்பையோடு பக்கத்தில் நின்றேன்.

இரைப்பை இல்லாதவனுக்குப் பாயசம் நேரே குடலில் போய் விழும். குடல் அளவுக்கு மீறி ஹார்மோன்களைச் சுரக்கும். கணையம் இன்சுலினைக் கொட்டும். இனிப்புத் தீர்ந்த பிறகும் இன்சுலின் எஞ்சி நிற்கும். அப்போது இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கிவிடும்.

தேநீர் வேளையில் அவன் மேசைக்கு வந்தான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. நாக்குக் குழறியது.

"அண்ணை, கொஞ்சம் சீனி தாங்கோ."

அந்தப் பாடம் அப்போதும் எனக்கு நினைவில் இருந்தது. ஆனாலும் அவன் நடிக்கிறான் என்று நம்பவே விரும்பினேன்.

"பாயசம் வேண்டாமெண்டவர் இப்ப சீனிக்கு வந்து நிக்கிறார்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி, சீனிப் போத்தலை எட்டாமல் நகர்த்தினேன். திரும்பவும் சிரிப்பு. அவன் கையை நீட்டினான். இன்னும் நகர்த்தினேன். சுவரோரம் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் தலை அடிபட விழுந்தான்.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண் திறந்தவன் என்னைப் பார்க்கவில்லை, என் மகளைத் தேடினான்.

"புது வீட்டிலை ரத்தம் சிந்திப்போட்டன் பிள்ளை. குறை நினையாதை."

நெற்றியில் தையல் ஆறுமுன்பே நகரின் இன்னொரு கோடியில், ஹவுன்ஸ்லோவில் ஓர் அறை எடுத்துப் போய்விட்டான். நான் மறிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.

நல்லநாள் பெருநாளுக்கு மகள் வீட்டுக்கு வருவான். தெருமுனை பஸ் தரிப்பில் உட்கார்ந்து, கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வருவான். என்னோடு மரியாதையாகவே பேசுகிறான். அவன் சட்டைப் பையில் எப்போதும் சீனிக்கட்டிகள் இருக்கும். நான் பக்கத்தில் போய் இருந்தால், அவன் கை அந்தப் பையைத் தொட்டுப் பார்க்கும்.