எஸ்தரின் நாய்க்கு எல்லாப் பல்லும் இருக்கிறது

எஸ்தர் எதனால் இறந்தார்? எனக்குத் தெரியாது. இருபது வருடங்களுக்கு மேலாகக் கிருமிகளை வளர்த்துப் பார்த்துச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறவள் நான். அதனால் என்னிடம்தான் முதலில் கேட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை வேலூரில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது அவருடைய தம்பி தானியேல் போன் செய்தார். "அக்கா போய்ட்டாங்க மேடம்" என்றார். நான் ஏதாவது சொல்வதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. "ஆஸ்பத்திரியில ரத்தத்துல கிருமின்றாங்க. நாய்க்கு தெனம் பச்சைக் கறி அறுத்துனு இருந்தாங்களே, அதாலயா இருக்கும்?"

"தெரியாது, தானியேல்" என்றேன். அது உண்மை. மறுநாள் அடக்கத்துக்கு நான் ஆம்பூர் போய்ச் சேர்வதற்குள் அந்த உண்மை உருமாறியிருந்தது. கல்லறை வாசலில் ஒரு பெண், லேப் மேடமே இல்லையென்று சொல்லவில்லையாம் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நாலடி தள்ளி நின்ற கூட்டத்தில் லேப் மேடமே சொல்லிவிட்டதாக ஆகியிருந்தது.

ஆகவே இதை எழுதுகிறேன். எஸ்தரோடு வேலை செய்தவர்கள், அவருடைய தெருக்காரர்கள், சபையார் எல்லோரும் படிக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். தெரியாது என்று நான் சொன்னால் அதற்குத் தெரியாது என்று மட்டுமே பொருள்.

எங்கள் கம்பெனியில் என்ன செய்கிறோம் என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. தோலின் மேல் அடுக்கு செருப்புக்கும் ஷூவுக்கும் போய்விடும். சுண்ணாம்பில் ஊறிப் பிளந்த கீழ் அடுக்கு எங்களிடம் வரும். அதைக் கழுவி, வெளுத்து, சுருட்டி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு, எலும்பு மாதிரி செய்து, உலர்த்தி, வெளிநாட்டு நாய்களுக்கு அனுப்புகிறோம். எஸ்தர் பதினெட்டு வருடம் அந்த மேசையில் நின்று முடிச்சுப் போட்டவர். பிறகு பேக்கிங் சூப்பர்வைசர் ஆனார். அந்த எலும்பில் சால்மோனெல்லா என்ற கிருமி இல்லை என்று எழுதிக் கொடுப்பது என் வேலை.

தன் நாய் பக்கிளை அவர் எடுத்துக்கொண்டது பத்து வருடங்களுக்கு முன். கம்பெனி கேட் அருகே சுற்றிக்கொண்டிருந்த குட்டி அது. கழித்துப் போட்ட எலும்புகளை வாட்ச்மேன் அதற்குப் போடுவார். ஒரு நாள் அது வயிறு வீங்கிக் கிடந்தது. எஸ்தர் ஷிப்ட் முடியுமுன்பே பர்மிஷன் போட்டு, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வேலூருக்கு வந்துவிட்டார். எனக்கு ஊர் தெரியும் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மாட்டு டாக்டர் அறுத்து எடுத்ததை ஒரு ஸ்டீல் தட்டில் வைத்துக் காட்டினார். ஊறி, உப்பி, வெள்ளையாக ஒரு துண்டு. எஸ்தர் குனிந்து அதைத் திருப்பிப் பார்த்தார்.

"எங்க டேபிள்ல போட்ட முடிச்சிதான் மேடம்" என்றார்.

அன்று அவர் அழவில்லை. நாய் பிழைத்த பிறகு, இனி அதற்குக் கடையில் வாங்கியது எதுவும் கிடையாது என்று முடிவு செய்தார். "மாட்டுக்குள்ள இருந்த எலும்பு போதும். நாம செஞ்ச எலும்பு வேணாம்" என்று சொன்னார். ரஹீம் பாயின் கறிக்கடையிலிருந்து கழுத்தெலும்பு, ஈரல், சுவரொட்டி என்கிற மண்ணீரல், கழுவாத குடல் போட்டி என்று நாளுக்கொன்றாக வரும். சில நாள் கோழிக் கழுத்து, சில நாள் ஓட்டோடு முட்டை. எதையும் வேக வைக்கமாட்டார். வெந்த எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்று பாய் சொல்லியிருந்தார். அந்த ஒரு விஷயத்தில் பாய் சொன்னது சரி.

மற்ற விஷயங்களில் நான் எஸ்தரோடு சண்டை போட்டேன். பச்சைக் கறியில் என்னென்ன இருக்கும் என்று மதிய உணவு வேளையில் அவருக்கு விளக்குவேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார். ஒரு நாயை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது, பக்கிளின் ரோமம் பளபளப்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம் என்பேன். "ஆயிரத்துல ஒண்ணு கறியா இருந்துட்டுப் போவட்டுமே" என்பார்.

ஒரு சனிக்கிழமை அவரே ஒரு டப்பாவில் கறியும், தன் வீட்டு வெட்டுப்பலகையைத் தேய்த்தெடுத்த பஞ்சும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஒரு நிபந்தனையும் வைத்தார். என் வீட்டுச் சமையலறையில் கோழி வெட்டும் பலகையையும் அதே போலத் தேய்த்து எடுத்துவர வேண்டும். செய்தேன். சில நாள் கழித்து, கிருமி வளர்க்கும் தட்டுகளைத் திறந்தபோது கறியில் நான் எதிர்பார்த்த சால்மோனெல்லா இருந்தது. சிவப்புத் தட்டில் கறுப்புப் புள்ளிகள், சந்தேகத்துக்கு இடமில்லை. எஸ்தரின் பலகையில் ஒன்றுமில்லை. என் பலகையில் புள்ளிகள் இருந்தன.

தட்டுகளை அவரிடம் காட்டினேன். அவர் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. நாய் தின்று முடித்த கால்மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுவதையும், பலகையிலும், நாய்க்குக் கறி வைக்கிற கல்லிலும் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி வெயிலில் வைப்பதையும், அதற்கென்று தனிக் கத்தி இருப்பதையும் சொன்னார். "எனக்குப் பயம் இருக்குது மேடம், அதான் சுத்தமா இருக்கேன். நீங்க படிச்சவங்க, உங்களுக்குப் பயமில்ல" என்றார். அன்று மாலை என் வீட்டுப் பலகையைத் தூக்கி எறிந்தேன். அவரிடம் சொல்லவில்லை.

ஒரு தடவை சோதித்ததை வைத்து நான் கொள்கை எதுவும் வகுக்கமாட்டேன். சின்னக் குழந்தைகளும் நோயாளிகளும் இருக்கிற வீட்டில் பச்சைக் கறி வேண்டாம் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். எங்கள் மேனேஜரின் மகள் சென்னையில் லாப்ரடார் வளர்க்கிறார். அதற்கு உறைய வைத்த பச்சைக் கறி, அழகான பெட்டியில், இயற்கை உணவு என்ற பெயரில் வீட்டுக்கே வருகிறது. அதை மேனேஜர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார், போனில் படம் காட்டுவார். எஸ்தர் கறுப்புக் கவரில் கொண்டுபோன அதே கறிக்கு அவர் வைத்த பெயர் அசிங்கம். கறி பச்சையாக இருந்தது பிரச்சினையா, மாட்டுக்கறியாக இருந்தது பிரச்சினையா, அதைக் கொண்டுபோனவர் எஸ்தராக இருந்தது பிரச்சினையா என்று நான் அவரிடம் கேட்டதில்லை. கேட்டிருக்கவேண்டும்.

கேட்காமல் விட்டதைவிடப் பெரிய தவறு ஒன்றும் நான் செய்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிற ஒரு அம்மாள் கம்பெனியைப் பார்க்க வந்திருந்தார். இங்கிலீஷ் தெரியும் என்று என்னை மொழிபெயர்க்க நிறுத்தினார்கள். பேக்கிங் ஹாலில் அவர் எஸ்தரிடம், உங்களிடம் நாய் உண்டா என்று கேட்டார். உண்டு என்றார் எஸ்தர். இதில் எது அதற்குப் பிடிக்கும் என்று கேட்டார் அந்த அம்மாள், மேசையில் கிடந்தவற்றைக் காட்டி.

"இத நான் அவனுக்குக் குடுக்கறதில்ல. பச்சை எலும்பு குடுக்கறேன்" என்றார் எஸ்தர்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் அந்த அம்மாளிடம், இவருடைய நாய் வயதானது, அதற்குப் பல் இல்லை என்று இங்கிலீஷில் சொன்னேன். என் வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்தது. எஸ்தர் எட்டாவது வரை படித்தவர். ஆனால் பெட்டிகளில் ஒட்டுகிற இங்கிலீஷைப் படித்துப் படித்து அவருக்குச் சில சொற்கள் பழகியிருந்தன. அவற்றில் பல் என்பதற்கான சொல்லும் ஒன்று.

"அவனுக்கு எல்லாப் பல்லும் இருக்குது மேடம்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு அந்த அம்மாளின் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து தன் பல்லைத் தொட்டுக் காட்டி, "டாக், டீத், ஆல் குட்" என்றார்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். ஆர்டர் எதுவும் குறையவில்லை. இருந்தும் அடுத்த வாரம் எஸ்தரைப் பேக்கிங்கிலிருந்து எடுத்து, சுண்ணாம்புத் தண்ணீர் ஓடுகிற பகுதியில் போட்டார்கள். மூன்று மாதம் ஈரத்தில் நின்றார். பாதம் வெடித்தது. நான் லேபில் ஏசியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் பழைய இடம் கிடைக்கும், நானே எழுதித் தருகிறேன் என்று ஒரு நாள் போய்ச் சொன்னேன். "இன்னான்னு எழுதுவீங்க மேடம்? நாய்க்குப் பல்லு உதிர்ந்துடுச்சின்னா?" என்றார். கடிதம் எழுதப்படவில்லை. அவரில்லாமல் பெட்டிகள் மாறி மாறிப் போகத் தொடங்கியதும் அவர்களே திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவரைக் கடைசியாகப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை. காய்ச்சல் வந்து ஆறாவது நாள். சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்றார்கள். அவர் தன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "தானியேல் சோறு போடுவான். பக்கிள் தின்னமாட்டான் மேடம். பட்டினி கெடப்பானே தவிர சோத்துல வாய் வெக்கமாட்டான்" என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சரியாகிவிடும் என்று மட்டும் சொன்னேன்.

ஆஸ்பத்திரி கொடுத்த தாளில் ரத்தத்தில் தொற்று என்று இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று இல்லை. காய்ச்சல் வருவதற்கு முந்தின வாரம் மழை. அவர் தெருவில் சாக்கடை ஏறி முழங்கால் வரை நின்றது. அப்போது வெடித்து ஆறாமலே இருந்த பாதத்தோடு அதில் நடந்துதான் வேலைக்கு வந்தார். அந்தத் தண்ணீரை யாரும் சோதிக்கச் சொல்லவில்லை. தெருவுக்கே குடிதண்ணீர் தருகிற தொட்டியை யாரும் சோதிக்கச் சொல்லவில்லை. கறி ஒன்றைப் பற்றி மட்டும் எல்லோருக்கும் அவ்வளவு நிச்சயம்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் பேச்சு நாயின் பக்கம் திரும்பியது. நோய் பிடித்த நாய், தெருவில் குழந்தைகள் இருக்கின்றன, நாளைக் காலை ஒரு வண்டியில் ஏற்றி அமிர்திக் காட்டுப் பக்கம் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று இரண்டு பேர் தானியேலிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தானியேல் தலையை ஆட்டினார். அவர் கெட்டவரில்லை. அக்காவைப் புதைத்துவிட்டு வந்து நின்ற மனிதர். பக்கிள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கட்டப்பட்டிருந்தது. மேடமே சொல்லிட்டாங்களே என்று அந்த இருவரில் ஒருவர் என்னைக் கை காட்டினார்.

கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள் நான். இருந்தும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "நான் அப்படிச் சொல்லல. எஸ்தர் வீட்டுப் பலகையை நான் லேப்ல சோதிச்சிருக்கேன். சுத்தமா இருந்தது. உங்கள்ல யாராவது உங்க வீட்டுப் பலகையைக் கொண்டுவாங்க. அதையும் சோதிச்சு, எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

பலகை எடுத்துவர யாரும் போகவில்லை. பிறகு, நாயை நாளைக்கு நான் வந்து கூட்டிப்போகிறேன், அதுவரை யாரும் அதைத் தொடவேண்டாம் என்று தானியேலிடம் சொன்னேன். "நீங்களா மேடம்?" என்றார். அந்த வியப்பு நியாயமானதுதான்.

எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது பச்சைக் கறியைப் பற்றிய அவருடைய நம்பிக்கையை அல்ல. அது எனக்கு வரவில்லை, வருமென்றும் தோன்றவில்லை. கேட்ட கேள்விக்கு, கேட்டவர் யாராயிருந்தாலும், இருப்பதைச் சொல்லிவிட்டு அதற்குப் பிறகு வருவதை நின்று வாங்கிக்கொள்கிற அந்தத் திடத்தை வைத்துக்கொள்கிறேன். எனக்கு அது இயல்பாக வராது. பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவரைத் தெரிந்தவர்கள் இனி அவர் பெயரை எடுக்கும்போது கறியைப் பற்றிப் பேசினால் அந்தச் சுத்தமான பலகையைப் பற்றியும் சேர்த்துப் பேசுங்கள்.

மறுநாள் நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுக் காரில் போனேன். ரஹீம் பாய் நான் கேட்பதற்கு முன்பே ஒரு கவரை எடுத்து வைத்தார். வீட்டு வாசலில் தானியேலின் மனைவி, நேற்று இரவு சாம்பார் சோறு வைத்ததாகவும், பக்கிள் மொத்தத்தையும் தின்றுவிட்டுத் தட்டை நக்கியதாகவும், காலையில் வைத்ததையும் தின்றுவிட்டதாகவும் கொஞ்சம் தயக்கத்தோடு சொன்னார். பட்டினி கிடப்பான் என்று எஸ்தர் சொன்னது தவறு. பக்கிள் தொட்டி நிழலில் வயிறு நிரம்பித் தூங்கிக்கொண்டிருந்தது. வேலூருக்குக் காரில் கூட்டிவரும்போது, பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டியதும் அந்தச் சோறு முழுவதையும் பின் சீட்டில் வாந்தி எடுத்தது. அது சோற்றினாலா, காரில் போனதாலா என்பதும் எனக்குத் தெரியாது.

சாயங்காலம் பின்கட்டில் ஒரு கல்லைக் கழுவி வைத்து, கையுறை போட்டுக்கொண்டு, கழுத்தெலும்பை அதன் மேல் வைத்தேன். பக்கிள் முன்னங்காலால் அதை அமுக்கிக்கொண்டு கடிக்க ஆரம்பித்தது. சத்தம் கேட்டு மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம் அது, பச்சைக் கறியா?"

"ஆமாம்" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "மாட்டுக்கறியா?"

"ஆமாம்" என்றேன், தாழ்த்தாமல்.