வடக்கு நகரத்தைத் தனியாக விற்றவர்கள்

அந்தக் கணினி விளையாட்டோடு வந்த கையேட்டில், நாற்பத்தோராம் பக்கத்தில், ஒரு நகரம் இருந்தது. பனி மூடிய கோபுரங்கள், மந்திரக்காரர்களின் சந்தை, காவலர்களின் சீருடை என்று எல்லாவற்றுக்கும் படம் போட்டிருந்தார்கள். எந்தக் கடையில் எந்த மருந்து கிடைக்கும் என்று அட்டவணைகூட இருந்தது. குறுந்தகட்டில் அந்த நகரமே இல்லை. இத்தனை ஆண்டு கழித்து நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

அப்போது நான் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சொல்லப்போனால் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆளும் நான்தான். நைனா, என் அப்பா, பட்டுத்தறி நெய்கிறவர். கையெழுத்து மட்டும் போடுவார், அதையும் படம் வரைவதுபோல் நிதானமாகப் போடுவார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருமுனையில் ஓர் அக்கா பிரவுசிங் சென்டர் நடத்தினார். சாயங்காலம் நான் அங்கே போய் வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவேன், மின்னஞ்சல் எழுதித் தருவேன். அதற்குப் பதிலாக ஆள் இல்லாத நேரத்தில் கணினி எனக்கு. அப்படித்தான் ரோல் பிளேயிங் விளையாட்டுகள் எனக்குப் பழக்கமாயின. வாளெடுத்த வீரனாகவோ மந்திரக்காரியாகவோ நாம் பிறந்து, ஊர் ஊராகப் போய், நாம் சொல்லும் பதிலுக்கேற்பக் கதை திரும்பும் விளையாட்டுகள். என் ஆங்கிலத்தில் பாதி அங்கே கற்றது.

அக்கா இரண்டு கணினிகளை விளையாட்டுக்கென்றே ஒதுக்க முடிவு செய்தார். நகல் எடுத்த குறுந்தகடு வேண்டாம், ஒரிஜினலே வாங்கிவிடலாம், ஆனால் ஒன்றுதான் என்றார். அப்போது எல்லோரும் இரண்டு விளையாட்டுகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்று டிராகன்கள் பறப்பது, பெரிய அமெரிக்க நிறுவனத்துடையது. இன்னொன்று ஒரு தீவில் நடப்பது, ஐரோப்பாவில் யாரோ சிலர் சேர்ந்து செய்வது. தீவுக்காரர்கள் மூன்று முறை தேதியைத் தள்ளிவைத்திருந்தார்கள். கேட்டால், முடிந்ததும் வரும் என்று ஒரே வரி. டிராகன்காரர்களோ கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் என்று தேதி குறித்துவிட்டார்கள். நவம்பரில் ஒருநாள் அவர்களுடைய இணையதளத்தில் புதுச் செய்தி வந்தது. அக்கா என் தோள்மேல் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா போட்டுக்கிறான்?"

"கோல்டு ஆயிடுச்சுன்னு போட்டுக்கிறான்க்கா."

"கோல்டா? அப்டின்னா?"

"வேலை முழுசா முடிஞ்சி, கடைசி காப்பி அச்சுக்குப் போயிடுச்சுன்னு அர்த்தம்க்கா. அதுக்கு மேல கை வைக்கமாட்டாங்க."

"அப்ப சரி. தங்கம்னே சொல்லிட்டான், அதையே வாங்கிடலாம்."

நானும் தலையாட்டினேன். காஞ்சிபுரத்துக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லை யாரும் சும்மா சொல்வதில்லை. ஜரிகையில் தங்கம் இருக்கிறது என்றால் இருக்க வேண்டும். இல்லையென்றால் உரசிய மறுநிமிடம் விற்றவன் முகம் வெளுத்துவிடும். அந்த நம்பிக்கையை ஏழு கடல் தாண்டியிருந்த ஒரு நிறுவனத்துக்கு நாங்கள் இலவசமாகக் கொடுத்தோம். வீட்டில் சொன்னபோது நைனா தறிக்குழியிலிருந்தே சிரித்தார்.

"ஒரசிப் பாத்தியாமா?"

"அது வேற கோல்டு நைனா."

"எந்த கோல்டா இருந்தா இன்னா? ஒரசாம எப்டி வாங்குவ?"

கம்ப்யூட்டர் தெரியாதவர் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கர்வத்தையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

விளையாட்டு வந்தது. நியாயமாகச் சொல்கிறேன், முதல் இரண்டு பாகங்கள் அற்புதம். காட்டில் மழை பெய்தால் இலை இலையாக நனையும். கூட வரும் தோழர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொள்வார்கள். கல்லூரி மாணவர்கள் வரிசையில் காத்திருந்து விளையாடினார்கள். மூன்றாம் பாகத்தில் ஒரு பாலம் வந்தது. அதைக் காக்கும் கிழட்டு வீரனிடம் அரச முத்திரையைக் காட்டினால் கதவைத் திறப்பான், அப்பால் வடக்கு நகரம் என்று கையேடு சொன்னது. முத்திரையைக் காட்டினோம். அவன் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். பேசவில்லை. அடித்தாலும் சாகவில்லை. முதலிலிருந்து ஆடிப் பார்த்தோம். வேறு ஆளாகப் பிறந்து ஆடிப் பார்த்தோம். மூன்று வாரம் ஒருவராலும் பாலத்தைத் தாண்ட முடியவில்லை.

"இன்னாக்கா, பாலத்துக்காரன் மௌன விரதமா?" என்றான் ஒரு மாணவன்.

"உங்க அசிஸ்டென்ட் சொன்ன தங்கம் இதானா?" என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா என்னைப் பார்க்காமல் பிரிண்டரில் காகிதம் செருகிக்கொண்டிருந்தார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

பிறகு 'பேட்ச்' வந்தது. பிழை திருத்தும் கோப்புக்கு அதுதான் பெயர். தொலைபேசி இணைப்பில் அதை இறக்க இரண்டு நாள் ஆயிற்று. போட்டோம். கிழவன் வாய் திறந்தான், கதவும் திறந்தது. திரை கறுத்தது. 'வடக்கில் பல இன்னல்களைக் கடந்து நீங்கள் திரும்பி வந்தீர்கள்' என்று இரண்டு வரி வந்தது. அடுத்த நொடி நாங்கள் கடைசிச் சண்டையில் நின்றோம். மறுமாதம் அதே நிறுவனம் பெருமையாக அறிவித்தது: வடக்கு நகரம் அடுத்த வருஷம் தனிக் குறுந்தகடாக, தனி விலையில்.

முந்தானை நெய்யாத சேலையைத் தறியிலிருந்து அறுத்து விற்றுவிட்டு, அடுத்த வருஷம் வாருங்கள், முந்தானை தனியாகத் தருகிறோம் என்று எங்கள் தெருவில் ஒருவர் சொல்லிப் பார்க்கட்டும். அவரோடு யாரும் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார்கள். இவர்களுக்கோ பத்திரிகைகள் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் கொடுத்தன.

தீவு விளையாட்டு எட்டு மாதம் தாமதமாக வந்தது. ஒரு மாணவன் அதை வாங்கி வந்தான். அதன் படங்கள் சுமார். வாள் சண்டை கைக்கு அடங்காது. ஆங்கிலம் என் ஆங்கிலத்தைவிட மோசம். ஆனால் மீனவன் காலையில் ஒன்று பேசுவான், மழை நாளில் வேறு பேசுவான். கையேட்டில் இருந்த ஒவ்வொரு வீடும் தீவில் இருந்தது. தொடங்கிய இடத்திலிருந்து முடிகிற இடம்வரை எங்கேயும் தடுக்கி விழாமல் போனது. பிறகு அவர்கள் ஒரு குகையைச் சேர்த்தபோது, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அதைச் சும்மாவே கொடுத்தார்கள்.

இரண்டையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதி, சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு தமிழ்க் கணினி மாத இதழுக்கு அனுப்பினேன். அச்சில் வந்தது! எங்கள் வம்சத்தில் யாருடைய பெயரும் கல்யாணப் பத்திரிகை தவிர எதிலும் அச்சானதில்லை. நைனா தறியை நிறுத்திவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மாவும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். நான் சத்தமாகப் படித்தேன். பாதிக்குமேல் என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பாலம் திறக்காததையும் வடக்கு நகரம் இல்லாததையும் பற்றி நான் எழுதிய பத்தியைக் காணோம். அந்தப் பத்தி இருந்த இடத்தில், 'சிறு குறைகள் இருந்தாலும் விரைவில் வரவிருக்கும் வடக்கு நகரத்தை ரசிகர்கள் ஆவலோடு எதிர்பார்க்கிறார்கள்' என்று இருந்தது. எதிர்ப்பக்கம் முழுக்க டிராகன் விளையாட்டின் வண்ண விளம்பரம்.

"நீ வீட்ல கத்திக்கினு இருந்தது இது இல்லியேமா," என்றார் நைனா.

"நான் எழுதுனது இது இல்ல நைனா."

"உம் பேரு போட்டுக்குதே?"

மறுநாள் அக்கா கடையிலிருந்தே ஆசிரியருக்குத் தொலைபேசினேன்.

"எடிட் பண்றது எங்க உரிமைம்மா," என்றார் அவர். "முதல் கட்டுரையே அச்சுல வந்திருக்கு. சந்தோஷப்படுங்க."

"வெட்டுறது உங்க உரிமை சார். நான் எழுதாத வரிக்கு என் பேரைப் போடுறது யாரு உரிமை?"

"ஒரு கேமுக்குப் போய் இவ்ளோ கோபமா? அந்த வடக்கு நகரம் சிடி எனக்கு முன்கூட்டியே வந்திருக்கு. அனுப்பி வைக்கிறேன், ஜாலியா விளையாடிட்டு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. தொடர்ந்து எழுதலாம் நீங்க."

தொடர்ந்து எழுதலாம் என்ற சொல் என்னை அசைத்தது. இல்லையென்று சொன்னால் பொய். இன்னும் இருபது இதழ்கள், இருபது முறை என் பெயர். ஆனால் அக்கா எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என் சொல்லைக் கேட்டு வாங்கியவர்.

"முதல்ல நீங்க எடுத்த பத்தியை அப்படியே போடுங்க சார். அப்புறம் எழுதுறேன்."

"அதெல்லாம் நடக்காதும்மா," என்று வைத்துவிட்டார். அந்த இதழில் அதற்குப் பிறகு நான் ஒரு வரியும் எழுதவில்லை. கேட்கவும் இல்லை.

என் கைப்பிரதியை அக்காவின் கணினியில் நானே தட்டச்சு செய்தேன். நான்கு பக்கம் வந்தது. அக்கா வாசற்கதவின் கண்ணாடியில், உள்ளே வருகிறவர்கள் படிக்காமல் கதவைத் தள்ள முடியாத உயரத்தில், பசை தடவி ஒட்டினார்.

"கீழ யாரு எழுதுனதுன்னு போடலியே?" என்றார்.

பேனா வாங்கி, நைனாவின் இனிஷியலோடு என் பெயரை முழுதாக எழுதினேன்.